வயநாட்டின் பொன் மயக்கம்

ஓரிடத்திற் பொன் உண்டு என்பது ஒன்று; அதனைத் தோண்டி எடுத்தாற் கட்டுப்படியாகும் என்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டோர் அடைந்த நட்டத்துக்கு வயநாட்டின் சரித்திரம் சான்றாகும்.

இன்று நீலகிரி மாவட்டத்தில் அடங்கிய தேவாலா, பந்தலூர்ப் பகுதியிலே பழங்குடி மக்கள் ஓடை மணலை மரத்தட்டில் அரித்துப் பொற்றுகள் எடுத்து வந்தனர். அது அற்பம் என்பதை அவர்கள் கை அறியும்.

1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட கோப்பி இலைநோய் வயநாட்டுத் தோட்டங்களையும் வாட்டியது. நொடித்த தோட்டத் துரைமாரின் நாட்டம் பொன்மீது சென்றது. 1879இல் இந்திய அரசாங்கம் றொபேட் பிரஃப் சிமித் என்னும் அவுஸ்திரேலிய நிபுணரை அழைத்தது. 1880இல் அவர் அளித்த அறிக்கை நம்பிக்கையூட்டவே, இலண்டனிற் கம்பனிகள் பல தோன்றின, பங்குகள் விலையேறின, பாறை நொறுக்கும் இயந்திரங்கள் மலையேறின.

ஆனால் மண்ணின் இயல்பு வேறு. அங்கே பொன் வெண்படிகப் பாறை நரம்புகளிற் கந்தகக் கனியங்களோடு கலந்து கிடக்கிறது. மேற்பரப்பில் மழையும் காற்றும் அக்கனியங்களைச் சிதைத்துப் பொன்னைப் பிரித்து வைத்திருந்தன. மேற்கல்லின் வளத்தைக் கண்டோர் ஆழத்திலும் அவ்வாறே என நம்பினர். அரைத்த கல்லோ மிகச் சொற்பப் பொன்னே தந்தது. சில ஆண்டுகளிற் கம்பனிகள் சரிந்தன. முதலிட்டோர் பணம் இழந்தனர்.

மரத்தட்டு ஏந்திய ஏழையிடம் ஒரு சொல் கேட்டிருந்தால், அப்பணம் அவ்வளவும் பாழ்ங்குழியில் விழுந்திராது.