மண் வெட்டியவன் பெயரால் ஓர் ஊர்

வரலாறு என்றால் வாளும் வேலும், முடியும் கொடியும் என்றே பள்ளிப் பருவம் முதல் பழகிவிட்டோம். ஊர்ப்பெயர்களும் அந்தப் பழக்கத்துக்கு உடந்தை. அரசன் பெயரால் ஒரு மங்கலம், அரசி பெயரால் ஒரு சமுத்திரம், தளபதி பெயரால் ஒரு பேட்டை! ஆனால் திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையே ஓர் ஊர் உண்டு. அதன் பெயரில் மன்னனும் இல்லை, மந்திரியும் இல்லை. மண்வெட்டி பிடித்தவன் இருக்கிறான். அதுதான் ஒட்டன்சத்திரம்!

ஒட்டர் யார்? ஒட்டர நாட்டிலிருந்து, அதாவது இன்றைய ஒடிசாப் பக்கமிருந்து, ஆந்திர நிலத்தின் வழியே தெற்கே வந்தோர் என்று அப்பெயருக்கு விளக்கம் கூறுவர். வீட்டிலே பேசுவது தெலுங்கு. நாட்டுக்கு ஈந்தது உழைப்பு. மண் வெட்டியோர் மண் ஒட்டர், கல் உடைத்தோர் கல் ஒட்டர். ஏரியும் கிணறும், கரையும் சாலையும் அவர்தம் கைவண்ணம். குளம் வெட்டும்போது நடுவே ஒரு மண்திட்டை வெட்டாமல் விட்டுவைப்பர். அந்தத் திட்டின் உயரமே தோண்டிய ஆழத்துக்குச் சான்று. அதை அளந்தே கூலி!

பழனிக்குக் கால்நடையாகச் செல்வோர்க்கு வழியிலே நீர் வேண்டும், நிழல் வேண்டும், இரவு தங்க இடம் வேண்டும். அதற்கென எழுந்தவையே சத்திரங்கள். உழைப்பாளி இனத்தின் பெயரும் வழிப்போக்கர் தங்கிய சத்திரமும் இணைந்து ஊர்ப்பெயர் ஆயின.

சுற்றிலும் விருப்பாட்சி, ஆயக்குடி, இடையகோட்டை எனப் பாளையங்கள். 1792ல் திப்புவிடமிருந்து திண்டுக்கல் சீமை கும்பினியார் கைக்குச் சென்றது. எதிர்த்துப் போரிட்ட விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801ல் தூக்கிலிடப்பட்டார். அந்த வீரத்தை நாடு போற்றட்டும், போற்றத்தான் வேண்டும். ஆனால் கோட்டைக்குக் கல் உடைத்தவனைப் பற்றி எத்தனை சாசனங்கள் பேசுகின்றன?

மேற்குமலை மழையை மறைக்கும் வறண்ட பூமி இது. கிணறு இல்லையேல் பயிர் இல்லை. கடப்பாரையும் கூடையும் கொண்டு பாறையைப் பிளந்து நீரைக் கண்டவர் பலர். அவர்களுள் முன் நின்றவர் ஒட்டர். 1928ல் திண்டுக்கல்–பொள்ளாச்சி இருப்புப்பாதை வந்தது. சாலையும் இரயிலும் சந்தையை வளர்த்தன. இன்று தக்காளியும் முருங்கையும் இவ்வூர்ச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகச் செல்கின்றன. லாரியிலே ஏறுவது காய்கறி; அதற்கு அடியிலே கிடப்பது கிணறு வெட்டியவன் வியர்வை!

அமெரிக்க நாட்டு ஊர்கள் பிறந்த கதையையும் பாருங்கள். 1785ல் அங்கு ஒரு சட்டம் பிறந்தது. நிலத்தை ஆறு மைல் சதுரங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் 36 பகுதிகளாக்கி விற்றார்கள். குடியேறியவர் ஊர் கண்டனர். அந்நிலத்தின் பழங்குடிகளையோ, 1830ல் மற்றொரு சட்டம் இயற்றி மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்தினர். ஆயினும் மிசிசிப்பி, ஓகையோ என்று ஆறுகளுக்கு வழங்குபவை அப்பழங்குடிகள் மொழியின் பெயர்களே! பெயரை வைத்துக்கொண்டு ஆளை விரட்டும் விந்தை!

இங்கு மட்டும் நடந்தது என்ன? ஊருக்கு ஒட்டன் பெயர். ஒட்டனுக்கோ குற்றவாளிப் பெயர்! 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் பாய்ந்தபோது, அதன் பட்டியலில் ஒட்டர்களில் சில பிரிவினரும் சேர்க்கப்பட்டனர். குற்றம் செய்ததால் அல்ல, பிறந்ததால்! 1947ல் மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. சீர்மரபினர் என்ற பெயர் வந்தது. ஆனால் சட்டம் போன வேகத்தில் சந்தேகம் போய்விடுமா?

மற்றொன்றும் எண்ணுங்கள். பாளையம் ஆண்டவர் 'நாயக்கர்'. குளம் வெட்டியவன் 'ஒட்டன்'. ஆண்டவனுக்கு 'அர்', வெட்டியவனுக்கு 'அன்'! விகுதியிலே கூட வருணம் பார்த்த நாடு இது.

ஊர்ப்பெயரை மாற்றுங்கள் என்பதல்ல நம் கோரிக்கை. மாற்றினால் இருக்கும் ஒரே சான்றும் அழியும். அப்பெயர், குளத்து நடுவே விட்டுவைத்த மண்திட்டைப் போன்றது. அதைக் கொண்டு அளந்து பார்த்தால்தான், அம்மக்கள் உழைத்த ஆழம் தெரியும். நாம் இன்னும் கொடுக்காத கூலியும் தெரியும்!