இலங்கை வரலாற்றிற் சாயவேர்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கோட்டைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1639இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றியமையும், 1782ஆம் ஆண்டொன்றிலேயே அது ஆங்கிலேயர் கைக்கும் பின்னர் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியமையும், 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமானமையும் யாவரும் அறிந்தவை. ஆயின் ஒல்லாந்தக் கும்பனி அடிப்படையில் ஒரு வணிக நிறுவனமாகும். 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அதன் ஆட்சிக்குட்பட்டபோது, கோட்டைகளோடு அவ்வுலர் நிலத்தின் ஒரு சிறு காட்டுச்செடியும் அதன் கணக்கேடுகளில் இடம்பெறலாயிற்று. அதுவே சாயவேர்.

சித்த மருத்துவர் இதனை இம்பூறல் என்பர். இரத்தவாந்திக்கு மருந்தாகக் கொள்வர். தாவரவியலார் இட்ட பெயர் ஒல்டென்லாண்டியா அம்பெல்லாட்டா என்பதாகும். குறுகிய இலைகளும், கொத்தாகப் பூக்கும் நான்கிதழ் வெண்சிறு மலர்களும் உடைய இச்செடி மணற்பாங்கான வெளிகளில் தானே முளைப்பது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் நீளும் வறட்சியை அது தாங்குவதற்குத் துணைநிற்பது மணலுள் ஆழ இறங்கும் அதன் மெல்லிய ஆணிவேரே. அவ்வேரின் பட்டையிலேதான் சிவப்புச் சாயமும் பொதிந்துள்ளது. பயிரிட்ட வேரினுங் காட்டுவேரே மிகுந்த நிறந் தரும் என்பது சாயத்தொழிலாளர் கண்ட உண்மை.

சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற வண்ணத்துணிகளுக்குச் செந்நிறம் அளித்தது இவ்வேரேயாகும். துணியைக் கடுக்காய் நீரிலும் பாலிலும் தோய்த்து, படிகார நீரால் உருவெழுதி, வேரோடு சேர்த்துக் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடமே சிவக்கும். இம்முறைகளை இயேசு சபைத் துறவி கேர்து 1742இல் மடலாக எழுதி ஐரோப்பாவுக்கு அறிவித்தார். இத்துணிகளுக்கு ஐரோப்பியச் சந்தையில் இருந்த பெருமதிப்பே மன்னார் மணலில் முளைத்த செடியையும் அரசிறைக்குரிய பொருளாக்கிற்று. யாழ்ப்பாணத்துக் கொமாண்டராக இருந்த ஹென்ட்ரிக் சுவார்டெகுரூன் 1697இல் எழுதிவைத்த அறிவுரைக் குறிப்பில் சாயவேரும் பேசப்படுகின்றது. ஆங்கிலேயரும் தம் ஆட்சியின் தொடக்கத்தில் வேர் தோண்டும் உரிமையைக் குத்தகைக்கு விட்டனர்.

1868இல் கிறேபே, லீபர்மன் என்னும் ஜேர்மானிய வேதியியலார் இருவர் அலிசரின் என்னுஞ் செஞ்சாயத்தை ஆய்வுகூடத்தில் ஆக்கினர். சாயவேரின் செந்நிறத்துக்குக் காரணமான பொருளும் இதுவே. தொழிற்சாலைச் சாயம் மலிவாக வந்திறங்கியதும் வேரின் வாணிபம் தேய்ந்தொழிந்தது.

இங்கு ஒன்று சிந்திக்கற்பாலது. குத்தகையும் வரியும் ஏடேறின. கொமாண்டர்தம் பெயர்கள் நிலைத்தன. ஆயின் கொளுத்தும் வெயிலிற் குனிந்து மணலைக் கிளறி வேரை முறியாது எடுத்த கைகள் எவருடையவை என்பதை அக்கணக்குகளிலிருந்து அறிதல் அரிது. வேர்குத்துதல் சாதியமைப்பின் அடித்தளத்தில் வைக்கப்பட்டோரின் தொழிலாய் இருந்தமையே இதற்குக் காரணம் எனலாம். எந்த நிலத்தில், எப்பருவத்தில், எவ்வளவு ஆழத்தில் நல்ல வேர் கிடைக்கும் என்ற அறிவு அவர்களிடமே இருந்தது. தொழில் மறையவே அவ்வறிவும் மறையலாயிற்று.

கோட்டைச் சுவர்கள் காக்கப்படுகின்றன, அது வேண்டியதே. எனினும் அச்சுவர்களை எழுப்பிய செல்வத்தின் ஒரு பங்கு மணலுக்கடியிலிருந்து வந்தது என்பதை மறந்து எழுதப்படும் பிரதேச வரலாறு நிறைவுடையதாகாது.