‘நம்ம தோழர்தான்’ என்பது போதாது

கோடை விடுமுறை விட்டால் சேலம், நாமக்கல் பக்கத்துக் காலனிகளில் நம் வேலை தொடங்கிவிடும். சமுதாயக் கூடத்திலோ வேப்பமரத்தடியிலோ பிள்ளைகளை உட்காரவைத்து, பாடம், பறை, ஓவியம், அம்பேத்கர் வாழ்க்கை என்று ஒரு மாதம் ஓடும். சென்ற ஆண்டு அப்படி ஒரு முகாமின் இரண்டாம் நாள், தறி வேலை முடிந்து திரும்பிய ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: “ஏங் கண்ணு, பறை சொல்லித்தர்ற அந்தத் தம்பி எந்த ஊரு? யாரு கூட்டியாந்தது?”

“நம்ம தோழர்தான் அக்கா” என்றோம். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். இரவு உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, அந்தத் தம்பியின் ஊர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு கூட்டத்தில் பார்த்தோம், நன்றாகப் பறையடித்தார், வரச் சொன்னோம். அவ்வளவுதான்.

அந்தத் தம்பி மீது எந்தக் குறையும் இல்லை. குறை எங்களுடையது. பிள்ளைகளோடு வேலை செய்யும் தன்னார்வலர்களுக்குக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும் என்று யாராவது சொன்னால், “அதெல்லாம் பணக்காரத் தொண்டு நிறுவனங்களின் சடங்கு” என்று சிரித்தவர்கள் நாங்கள். இந்த மண்ணின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

சேரிக்குள் வந்த ஆசிரியர்கள்

நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வெளியிலிருந்து ஆள் வருவது புதிதல்ல. 1920-களில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிப் பள்ளிகளையும் விடுதிகளையும் நடத்தியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் அதுதான் வேர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான இளைஞர்களை இரவு நேரத்தில் ஊருக்கும் சேரிக்கும் அனுப்பியது. 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தறிப்பட்டறையிலிருந்தும் வெள்ளிப் பட்டறையிலிருந்தும் மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகளை நடத்தியது. கொரோனாவுக்குப் பின், 2021 அக்டோபரில், இல்லம் தேடிக் கல்வி வந்தது. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு நம் வீட்டுப் பெண்கள் பலர் மாலை வகுப்பு எடுத்தார்கள்.

இவற்றால் நாம் அடைந்தது கொஞ்சமல்ல. இந்தக் கட்டுரையைப் படிக்கும் பலர் இப்படி ஒரு மாலை வகுப்பில்தான் முதல் புத்தகத்தைத் தொட்டிருப்பீர்கள். ஆனால் கல்வி கொடுக்க வருகிறவர் நல்லவராகத்தான் இருப்பார் என்ற நம்பிக்கை மட்டும்தான் அந்தப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பாதுகாப்பாக இருந்தது.

1995: ஒரு குடம் தண்ணீர்

அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதற்கு சேலம் மாவட்டமே சாட்சி. 1995 ஆகஸ்டில் கட்டிநாயக்கன்பட்டி பள்ளியில் ஒரு தலித் சிறுமி, சாதி இந்துப் பிள்ளைகளுக்கென வைத்திருந்த தண்ணீரைக் குடித்தாள். ஆசிரியர் அடித்தார். அவளுக்கு ஒரு கண்ணில் பார்வை போனது. அவள் பெயர் அன்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. நாம் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லேயே வந்துவிட்டது. அதன் விதிகள் அதே 1995 மார்ச்சில்தான் வெளியாகியிருந்தன. ஆனால் வகுப்பறையில் பிரம்பு எடுப்பது அன்று ஆசிரியரின் உரிமை. பள்ளியில் உடல்ரீதியான தண்டனையைத் தமிழ்நாடு கல்வி விதிகளிலிருந்து நீக்க 2003 வரை ஆனது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் அதை நாடு முழுக்கத் தடை செய்தது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் முதல் பாடம்: நம் பிள்ளைக்கு ஆபத்து எப்போதும் இருட்டில் வரும் அந்நியனிடமிருந்து வருவதில்லை. பகலில், பள்ளியில், ‘சார்’ என்று அழைக்கப்படுகிறவரிடமிருந்தும் வருகிறது. இரண்டாவது பாடம்: சாதியைப் பேசாத குழந்தைப் பாதுகாப்பு நம் பிள்ளைகளைப் பாதுகாக்காது. நாமக்கல்லுக்கு அடுத்த ஈரோடு மாவட்டத்தில், பெருந்துறை வட்டாரப் பள்ளி ஒன்றில் தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவவைத்த தலைமை ஆசிரியர் கைதானது 2022-ல். இடையில் 27 ஆண்டுகள்.

சட்டங்கள் பிறந்த கதை

உலகத்தில் எங்கும் இந்தப் பாதுகாப்பு விதிகள் நல்லெண்ணத்தால் பிறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறது. இங்கிலாந்தில் சோஹம் என்ற சிற்றூரில் 2002-ல் பள்ளிக் காவலாளி ஒருவர் இரண்டு சிறுமிகளைக் கொன்றார். அவர் மீது வேறொரு பகுதியில் முன்பே புகார்கள் வந்திருந்தன. வேலைக்கு எடுத்தவர்களிடம் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. விசாரணை ஆணையம் 2004-ல் அறிக்கை தந்தது. பிள்ளைகளோடு வேலை செய்யும் ஊழியர், தன்னார்வலர் இருவரையும் முன்கூட்டியே சரிபார்க்கும் சட்டம் 2006-ல் வந்தது.

இங்கே ஒன்றிய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் கேட்கப்பட்ட பிள்ளைகளில் 53 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், அல்லது நம்பிக்கையும் பொறுப்பும் உள்ள இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு வந்ததுதான் போக்சோ சட்டம். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாம் மனப்பாடம் செய்ய வேண்டிய பிரிவு 19: குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், காவல்துறையிடம் சொல்வது எல்லோருக்கும் கடமை. சொல்லாவிட்டால் பிரிவு 21-ன்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. “எங்களுக்குள் பேசி முடித்துவிட்டோம்” என்பதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

2018: நாம் செய்த தவறு

2018 அக்டோபர் 22 இரவு, ஆத்தூர் அருகே எட்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் சிறுமி தாயின் கண் முன்னே வெட்டிக் கொல்லப்பட்டாள். குற்றம் சாட்டப்பட்டவர் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த அண்டை வீட்டுக்காரர். நகரங்களில் மீ டூ இயக்கம் உச்சத்தில் இருந்த மாதம் அது. ஆத்தூருக்கு ஏன் அந்தக் கோபம் வரவில்லை என்று நாம் கேட்டோம். சரியான கேள்வி அது. கேட்ட விதத்தில்தான் தவறு இருந்தது. அவள் பெயரையும் பள்ளிச் சீருடைப் படத்தையும் சுவரொட்டியாக, முகநூல் படமாக, தலைப்பாக ஆக்கினோம்.

போக்சோவின் பிரிவு 23 பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, குடும்பம் என எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் இறந்துவிட்டாலும் பெயரை வெளியிடக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது.

இதில் நமக்குள் வாக்குவாதம் உண்டு. நம் பிணங்களுக்குப் பெயரே இல்லாமல் போன நாட்டில் பெயரை உரக்கச் சொல்வதுதான் போராட்டம் என்று மூத்த தோழர்கள் சொல்வார்கள். அந்த வலி நியாயமானது. ஆனால் கொல்லப்பட்டவளுக்கு அதே தெருவில் வாழும் உறவுகள் உண்டு. உயிரோடு இருக்கும் சிறுமி என்றால், நாளை அவளே பெரியவளாகித் தன் கதையை எப்போது, யாரிடம் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அவளுக்கு வேண்டும். சாதியைச் சொல்லுவோம், ஊரைத் தேவைப்படும் அளவுக்குச் சொல்லுவோம், குற்றத்தைச் சொல்லுவோம். பிள்ளையை விட்டுவிடுவோம். 1995-ன் சிறுமியின் பெயரை மேலே எழுதாததும் இதனால்தான்.

2024: முகாமுக்கு வந்த ‘பயிற்சியாளர்’

1965-க்கு முன் கிருஷ்ணகிரியும் நம் பழைய சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் 2024 ஆகஸ்ட் முதல் பாதியில் என்சிசி முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. மாணவிகள் பள்ளியிலேயே இரவு தங்கினார்கள். 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். பயிற்சியாளராக வந்தவருக்கும் என்சிசி-க்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சிறுமி பள்ளியில் சொல்லியிருக்கிறாள். வெளியே சொல்லாதே என்று அடக்கியிருக்கிறார்கள். மறைத்ததற்காகப் பள்ளியின் முதல்வரும் நிர்வாகியும் கைதானார்கள். முக்கியக் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவர் சேலம் அரசு மருத்துவமனையில் ஆகஸ்ட் 23 அன்று இறந்தார்.

இந்த வழக்கை நம் முகாமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியாள் ஒருவர் வருகிறார். சீருடை போட்டிருக்கிறார், உற்சாகமாகப் பேசுகிறார். யாரும் சான்று கேட்கவில்லை. பிரச்சினை வந்ததும் நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்றத்தான் எல்லோரும் ஓடினார்கள். சீருடையின் இடத்தில் நீலத் துண்டை வைத்தால், பள்ளியின் பெயர் இருந்த இடத்தில் ‘இயக்கத்தின் பெயர்’ என்று வைத்தால், நாம் என்ன செய்திருப்போம்? நெஞ்சில் கைவைத்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. “ஏற்கெனவே நம்மைக் கெட்டவர்கள் என்கிறான், இதுவும் வெளியே தெரிந்தால்?” என்று முதலில் சொல்லப்போவது நம்மில் ஒருவர்தான்.

2020-ன் போக்சோ விதிகள் பிள்ளைகளோடு பழகும் நிறுவனங்கள் ஊழியர்களைக் காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்கின்றன. அந்த விதி பேசுவது ‘ஊழியர்’ பற்றி. சம்பளமில்லாமல் வரும் தன்னார்வலர், பதிவு செய்யாத படிப்பகம், மரத்தடி முகாம் எல்லாம் அதன் கண்ணில் சரியாகப் படுவதில்லை. அந்த இடைவெளியில்தான் நாம் வேலை செய்கிறோம். அதனால் நமக்கான விதியை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கள் படிப்பகத்தில் இப்போது

1. வருகிற ஒவ்வொருவரின் பெயர், முகவரி, அவரை அறிந்த இருவரின் தொலைபேசி எண் ஆகியவை நோட்டில் இருக்கும். அந்த இருவரிடமும் பேசுவோம். இரவு தங்கும் முகாம் என்றால் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று வேண்டும்.

2. பெரியவர் ஒருவர் தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய அறையிலோ வண்டியிலோ இருக்கக் கூடாது. இரவில் பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட வாட்ஸ்அப் செய்தி கிடையாது.

3. பிள்ளை சொன்னால் குறுக்கிடாமல் கேட்போம். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குத் தர மாட்டோம். அவள் சொன்ன சொற்களிலேயே எழுதிவைப்போம். திரும்பத் திரும்பக் கேட்க மாட்டோம், செல்போனில் படம் பிடிக்க மாட்டோம்.

4. விசாரணை நடத்துவது நம் வேலை அல்ல. 1098-க்கும் காவல்துறைக்கும் சொல்லுவோம். காவல் நிலையம் நமக்கு எப்படிப்பட்ட இடம் என்று தெரியும். அதனால் துணைக்கு வழக்கறிஞரை அழைப்போம். குழந்தையின் வீட்டிலேயே, சீருடை அணியாத பெண் அதிகாரி வாக்குமூலம் பெற வேண்டும் என்று பிரிவு 24-ஐக் காட்டிக் கேட்போம். குற்றவாளி ஆதிக்கச் சாதியென்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் முதல் தகவல் அறிக்கையில் இருக்கின்றனவா என்று பார்ப்போம். 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பாதிக்கப்பட்டவரின் சாதி தெரிந்தே செய்தார் என்பது போதும்.

5. தண்ணீர் எடுப்பது யார், பெருக்குவது யார், யாரைச் சாதி சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்பதை வாரம் ஒருமுறை பார்ப்போம். நமக்குள்ளும் சாதி அடுக்கு உண்டு. அருந்ததியர் வீட்டுப் பிள்ளை மட்டும் துடைப்பம் எடுக்கும் படிப்பகம் அம்பேத்கர் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு தயக்கம் இன்னும் மிச்சம். கொங்குப் பகுதியில் சாதி மறுத்துக் காதலித்த நம் இளைஞர்கள் மீது போக்சோ ஏவப்படுவதைப் பார்த்திருக்கிறோம். வளரிளம் பருவத்தினரின் விருப்ப உறவுகளில் இந்தச் சட்டம் கையாளப்படும் விதம் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே 2021 ஜனவரியில் கவலை தெரிவித்து ஒரு வழக்கை ரத்து செய்தது. அந்த அநீதியை எதிர்த்துத் தொடர்ந்து பேசுவோம். அதைக் காரணம் காட்டி, பத்து வயதுப் பிள்ளை சொல்வதைக் காதில் வாங்காமல் இருக்க முடியாது. மேலே சொன்ன ஒழுங்குகள் பொய்ப் புகாரிலிருந்து தன்னார்வலரையும் காக்கும்.

இந்தக் கோடையில் முகாமின் முதல் நாள், பெற்றோரைக் கூட்டி உட்காரவைத்து, வந்திருக்கும் ஒவ்வொரு தன்னார்வலரும் எழுந்து தன் பெயரையும் ஊரையும் சொன்னார்கள். யாரிடம் புகார் சொல்வது என்று எண்களைச் சுவரில் பெரிதாக எழுதினோம். அந்தத் தாயும் வந்திருந்தார். பறைத் தம்பியும் எழுந்து ஊர் பெயரைச் சொன்னார். “அட, எங்க அம்மா ஊருக்குப் பக்கம்தான்” என்று அவர் சிரித்தார்.

சென்ற ஆண்டு அவர் கேட்டதை ஒவ்வொரு தாயும் கேட்க வேண்டும். கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லும் தோழர்கள்தான் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

ஜெய் பீம்.