கேட்டுப் பெற்ற பள்ளிக்கூடம்

சிங்கப்பூரில் பார்க்கர் ரோட்டு மேட்டில் ஏறிச் செல்பவர்களின் கண்ணில் முதலில் படுவது ஒரு மணிக்கூண்டு. ஆங்கிலோ சீனப் பள்ளியின் அடையாளம் அது. கலையரங்கம், நீச்சல் குளம், தேவாலயம், அருகிலேயே மாணவர் தங்கும் விடுதி என்று எல்லாம் அமைந்த இந்த வளாகத்தைப் பார்ப்பவர்கள், 'இது வசதி படைத்தவர்களின் பள்ளி' என்று சொல்வது வழக்கம். அந்தப் பேச்சில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், அந்த வசதிகள் எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால், நம் சமூகம் யோசித்துப் பார்க்க வேண்டிய சில செய்திகள் கிடைக்கும்.

பெங்களூரில் பிறந்தவர்

பள்ளியை நிறுவிய வில்லியம் ஓல்டாம் 1854ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்தவர். இந்தியாவில் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். பின்னர் சமயப் பணியில் நாட்டம் கொண்டு, அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பை முடித்து மெதடிஸ்ட் போதகரானார். சிங்கப்பூரில் மெதடிஸ்ட் பணியைத் தொடங்க முடிவு செய்ததும் தென்னிந்திய மெதடிஸ்ட் மாநாடுதான். அதன்படி 1885 பிப்ரவரியில் ஓல்டாம் இங்கு வந்து இறங்கினார்.

அவருக்குப் பின்னால் பெரிய பண பலம் எதுவும் இல்லை. அந்த ஆண்டில், சீன வணிகர்கள் நடத்திவந்த விவாத மன்றம் ஒன்றில் வானியல் பற்றிப் பேசும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. கூட்டம் நடந்தது டான் கியோங் சைக் என்ற வணிகரின் வீட்டில். நட்சத்திரங்களைப் பற்றிய அந்தப் பேச்சு வணிகர்களுக்குப் பிடித்துப்போனது. தங்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தரும்படி கேட்டார்கள். பிறகு, தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்றும் கேட்டார்கள். துறைமுக வாணிபத்துக்கும் அலுவலக வேலைக்கும் ஆங்கிலம் அவசியமாக இருந்த காலம் அது.

1886 மார்ச் 1ஆம் தேதி, அமோய் ஸ்திரீட்டில் 70ஆம் எண் கடைவீட்டில் 13 மாணவர்களுடன் வகுப்பு தொடங்கியது. ஆங்கிலம், சீனம் ஆகிய இரு மொழிகளிலும் பாடம் நடந்ததால் 'ஆங்கிலோ சீனப் பள்ளி' என்ற பெயர் வந்தது. மார்ச் 1ஆம் தேதியைத்தான் பள்ளி இன்றும் நிறுவனர் நாளாகக் கொண்டாடுகிறது.

இடம் மாறிய பள்ளி

மாணவர் எண்ணிக்கை கூடியது. கடைவீடு போதவில்லை. அதே ஆண்டின் இறுதிக்குள் பள்ளி, ஃபோர்ட் கேனிங் மேட்டின் அடிவாரத்தில் உள்ள கோல்மன் ஸ்திரீட்டுக்கு மாறியது. சில ஆண்டுகளுக்குள் மாணவர் விடுதியும் உருவானது. டான் ஜியாக் கிம் போன்ற சீனச் செல்வந்தர்கள் பள்ளியின் வளர்ச்சிக்கு நன்கொடை கொடுத்தார்கள். அந்த விடுதிக்குப் பின்னாளில் ஓல்டாம் ஹால் என்று பெயர் வைக்கப்பட்டது.

1920களில் கெய்ர்ன்ஹில் வளாகம் வந்தது. ஜப்பானியர் ஆட்சி முடிந்த பின்னர் 1946ல் பள்ளி மீண்டும் திறக்கப்பட்டது. 1950ல் உயர்நிலைப் பிரிவு பார்க்கர் ரோட்டுக்குச் சென்றது. பழைய கோல்மன் ஸ்திரீட் வளாகத்தில் 1997 முதல் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் இயங்கிவருகிறது. பிள்ளைகள் ஏடு திறந்த இடத்தில் இப்போது நாட்டின் ஏடுகள் பாதுகாக்கப்படுகின்றன.

ஒவ்வொரு முறை இடம் மாறியபோதும், புதுக் கட்டடம் எழுந்தபோதும் முன்னாள் மாணவர்கள் பக்கத்தில் நின்றார்கள். அவர்களின் சங்கம் 1914ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. பள்ளியில் கேளிக்கைச் சந்தை நடத்தி நிதி திரட்டுவது தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. பெயரில் 'சீன' என்று இருந்தாலும் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இங்கே படித்தார்கள். சிங்கப்பூரின் பொருளியலுக்கு அடித்தளமிட்ட டாக்டர் கோ கெங் சுவீ இந்தப் பள்ளியின் மாணவர். 1999 முதல் 2011 வரை அதிபராக இருந்த எஸ்.ஆர். நாதனும் இளம் வயதில் ஆங்கிலோ சீனப் பள்ளியில் படித்தவர்தான்.

வசதியும் வாதமும்

1988ல் அரசாங்கம் சில பள்ளிகளைச் சுயேச்சைப் பள்ளிகளாக்கியது. ஆசிரியர்களை நியமிக்கவும் கட்டணத்தை நிர்ணயிக்கவும் அவற்றுக்கு உரிமை கிடைத்தது. முதலில் அந்தத் தகுதியைப் பெற்றவற்றில் ஆங்கிலோ சீனப் பள்ளியும் ஒன்று. 1992ல் அது டோவர் ரோட்டில் உள்ள விரிவான வளாகத்துக்கு மாறியது. அங்கும் விளையாட்டுத் திடல், நீச்சல் குளம், வெளிநாட்டு மாணவர்கள் தங்கிப் படிக்க விடுதி எல்லாம் இருக்கின்றன. பார்க்கர் ரோட்டில் 1994ல் இன்னோர் உயர்நிலைப் பள்ளி அதே குடும்பத்தில் உருவானது.

கட்டணம் உயர்ந்தபோது, பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த வாசல் திறக்குமா என்ற கேள்வி பொதுமக்களிடையே எழுந்தது. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலை ஒன்றில் சேர முன்னுரிமை கிடைப்பதும் இன்று வரை விவாதத்துக்கு உரியதாகவே இருக்கிறது. ஒரு சமூகம் தன் பள்ளியைத் தாங்கிப் பிடிப்பது நல்லது. அந்தப் பிடியே மற்றவர்களுக்கு மதிலாகிவிடக் கூடாது என்பதும் நியாயம்தான்.

நமக்குத் தெரியாத நம் கதை

இந்த வரலாற்றில் தமிழர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு பக்கமும் உண்டு. ஓல்டாம் பள்ளி தொடங்கிய மறு ஆண்டு, 1887 ஆகஸ்டில், அதே மெதடிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த சோஃபியா பிளாக்மோர், ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். அதன் பெயர் 'தமிழ்ப் பெண்கள் பள்ளி'. தங்கள் பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று விரும்பிய இந்திய வணிகர்கள் உதவினார்கள். முதல் நாளில் வந்தது ஒன்பது சிறுமிகள்.

பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே அதிசயமாக இருந்த காலத்தில் அந்தத் தந்தைமார் எடுத்த முடிவு சாதாரணமானது அல்ல. அந்தப் பள்ளிதான் வளர்ந்து, 1925ல் மவுண்ட் சோஃபியாவுக்குச் சென்று, 1992ல் பிளாக்மோர் டிரைவுக்கு மாறி, இன்று மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக உயர்ந்து நிற்கிறது. எல்லா இனத்துப் பெண்களுக்கும் கல்வி தந்த பெருமை அதற்கு உண்டு. ஆனால், அது தமிழ்ச் சிறுமிகளுக்காகத் தொடங்கிய பள்ளி என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஆங்கிலோ சீனப் பள்ளியின் தொடக்கநிலைப் பிரிவு 2030ல் தெங்காவுக்கு மாறி, முதல் முறையாகப் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளவிருக்கிறது. மகன்களுக்காகக் கேட்டுப் பெற்ற பள்ளி, 144 ஆண்டுகளுக்குப் பிறகு தொடக்கநிலையிலும் மகள்களை வரவேற்கவிருக்கிறது.

மணிக்கூண்டும் நீச்சல் குளமும் பின்னால் வந்தவை. முதலில் இருந்தது, 'எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும்' என்று துணிந்து கேட்ட பெற்றோர்கள்தான். சீனர்கள் கேட்டார்கள், மறு ஆண்டே தமிழர்களும் கேட்டார்கள். படித்து முடித்து வெளியேறிய பிறகும் பள்ளியை மறவாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பார்க்கர் ரோடே சாட்சி. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி எதுவாக இருந்தாலும், அதன் பெற்றோர் கூட்டத்துக்கும் முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் நம்மில் எத்தனை பேர் போகிறோம் என்பதை இந்த வாரம் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.