எட்டயபுரம் அளித்த இசைச் சிறப்பு

கோவில்பட்டியை அடுத்த கரிசல் காட்டின் நடுவே அமைந்த எட்டயபுரம் சமஸ்தானம் ‘ஆஸ்தான வித்துவான்’ என்னும் அரசவைப் பதவி தந்து இசைவாணரைத் தலைமுறையாகப் பேணியது. வயலினைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடியான பாலுசுவாமி தீட்சிதர் அப்பதவியில் வாழ்ந்த இவ்வூருக்கு வந்துசேர்ந்த அவருடைய தமையனார் முத்துசுவாமி தீட்சிதர், 1835ஆம் ஆண்டுத் தீபாவளி நாளில் இங்கேயே மறைந்தார்.

பாலுசுவாமியின் சுவீகாரப் புதல்வரும் அதே அவையின் வித்துவானுமான சுப்பராம தீட்சிதர் தெலுங்கில் எழுதிய ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சேறியது. எந்தப் பட்டத்தினும் பெரிய கொடை இதுவே. ஏனெனில், சுரத்தின் அசைவாகிய கமகத்தை, கம்பிதம் என்னும் நடுக்கத்திற்கு ஒரு நெளிகோடு என்பதுபோல், சுர எழுத்தின் தலைமேல் இட்ட சிறு குறிகளால் அந்நூல் கண்ணுக்குக் காட்டியது.