நினைவக அட்டைக்கான கோப்பு முறைமை

நினைவக அட்டைக்கான கோப்பு முறைமை என்பது, செல்பேசியில் பொருத்தப்படும் எஸ்டி வகை நினைவக அட்டையில் ஒரு கோப்பு எவ்விடத்தில், எப்பெயரில், எந்நேரத்தில் எழுதப்பட்டது என்பதைக் குறித்து வைக்கும் ஒழுங்குமுறை ஆகும். அட்டையை வடிவமைக்கும்போது (ஃபார்மட் செய்யும்போது) இம்முறைமை தேர்ந்தெடுக்கப்படுகிறது. வடிவமைத்தால் அட்டையில் முன்பிருந்த கோப்புகளை இழக்க நேரிடும் என்பதால், முதலில் அவற்றுக்குப் படியெடுத்தல் இன்றியமையாதது.

தரநிலைகள்

எஸ்டி தரநிலையின்படி 2 ஜிகாபைட்டுக்கு மேல் 32 ஜிகாபைட்டு வரையுள்ள அட்டைகள் (எஸ்டிஎச்சி, 2006) ஃபாட்32 முறைமையையும், அதற்கு மேல் 2 டெராபைட்டு வரையுள்ளவை (எஸ்டிஎக்ஸ்சி, 2009) எக்ஸ்ஃபாட் முறைமையையும் கொண்டிருக்கும்.

ஃபாட்32

மைக்ரோசாப்ட் நிறுவனம் 1996 இல் வெளியிட்டது. ஏறத்தாழ எல்லாச் செல்பேசிகளும் கணினிகளும் இதைப் படிக்கும். எனினும் ஒரு தனிக் கோப்பின் அளவு 4 ஜிகாபைட்டை எட்ட முடியாது. அட்டையில் போதிய இடமிருந்தும் நீண்ட திருமண நிகழ்படம் ஒன்றைப் படியெடுக்க இயலாமற் போவதற்கு இதுவே காரணம் ஆகலாம். மேலும் இதில் நேர வலயம் பதியப்படுவதில்லை. சிங்கப்பூரில் காலை 10 மணிக்கு எழுதப்பட்ட கோப்பும், இரண்டரை மணி நேரம் கழித்துத் தமிழ்நாட்டில் காலை 10 மணிக்கு எழுதப்பட்ட கோப்பும் ஒரே நேரத்தையே காட்டும்.

எக்ஸ்ஃபாட்

2006 இல் அறிமுகமானது. 4 ஜிகாபைட்டு வரம்பு இதில் இல்லை. நேர வலயத்தைக் கால் மணி அலகுகளில் பதிய இயலும். இந்திய நேரத்திற்கு அது 22 அலகுகள். இதன் விவரக்குறிப்பை மைக்ரோசாப்ட் 2019 இல் பொதுவில் வெளியிட்டது. சாம்சங் நிறுவனம் எழுதிய இயக்கி 2020 இல் லினக்சு 5.7 கருவில் சேர்ந்தது. பழைய செல்பேசிகள் பல இதைப் படிப்பதில்லை.

ஃபாட்32, எக்ஸ்ஃபாட் இரண்டிலும், செய்யவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே பதியும் குறிப்பேடு இல்லை. எனவே எழுதிக்கொண்டிருக்கும்போது அட்டையைக் கழற்றினாலோ மின்கலம் தீர்ந்தாலோ கோப்புகள் சிதையக்கூடும்.

ஈஎக்ஸ்டி4, எஃப்2எஃப்எஸ்

ஈஎக்ஸ்டி4 (2008) குறிப்பேடு உடையது. எஃப்2எஃப்எஸ் (2012) திடநிலை நினைவகத்துக்கென்றே சாம்சங் உருவாக்கியது. விண்டோசு கணினிகள் இவற்றை நேரடியாகப் படிப்பதில்லை. ஆண்ட்ராய்டு 6.0 (2015) முதல் அட்டையைச் செல்பேசியின் உள் நினைவகமாக ஏற்கும் வசதி உண்டு. ஆனால் எல்லாச் செல்பேசிகளிலும் அது தரப்படுவதில்லை. அவ்வாறு ஏற்கப்பட்ட அட்டை இவ்விரண்டில் ஒரு முறைமையில் வடிவமைக்கப்பட்டு, மறையாக்கம் செய்யப்படுகிறது. மறைகுறி அந்தச் செல்பேசியிலேயே இருப்பதால், செல்பேசி பழுதானால் அட்டை நன்றாயிருந்தும் ஒளிப்படங்களை மீட்க இயலாது.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

ஃபாட்32, எக்ஸ்ஃபாட் ஆகியவை நீண்ட பெயர்களை யூடிஎஃப்-16 குறியாக்கத்தில் 255 குறிகள் வரை ஏற்கும். ஈஎக்ஸ்டி4, எஃப்2எஃப்எஸ் ஆகியவற்றின் வரம்பு 255 பைட்டுகள். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் தேவை. எடுத்துக்காட்டாக, விருதுநகர் மாவட்டத்து ஊரான வீரசோழன் என்பது ஐந்து எழுத்துகள். ஒருங்குறியில் 8 குறிகள். யூடிஎஃப்-8 இல் 24 பைட்டுகள். ஆகவே தமிழில் மட்டும் பெயரிட்டால் 85 குறிகளே அடங்கும். எக்ஸ்ஃபாட் அட்டையில் உள்ள நீண்ட தமிழ்த் தலைப்புடைய கோப்பு, ஈஎக்ஸ்டி4 அட்டைக்குப் படியெடுக்கும்போது மறுக்கப்படுவது இதனாலேயே.

தேர்வு

பழைய கருவிகளிலும் பயன்படவேண்டிய, 32 ஜிகாபைட்டுக்கு உட்பட்ட அட்டைக்கு ஃபாட்32 பொருந்தும். பெரிய நிகழ்படங்களைச் சேமிக்கவும் கணினிக்கு மாற்றவும் எக்ஸ்ஃபாட் ஏற்றது. உள் நினைவகமாக ஏற்கும் முறை, செயலிகளுக்கு இடம் போதாத செல்பேசிகளுக்கு உதவும். ஆனால் வேறிடத்தில் படி இல்லாத கோப்புகளை அதில் வைத்தல் பாதுகாப்பன்று. எம்முறைமையைத் தேர்ந்தாலும், கழற்றுமுன் அமைப்புகளில் அட்டையின் இணைப்பை நீக்குதல் வேண்டும்.