பலஸ்தீன அரசை அங்கீகரித்தல்: வரலாறு கூறும் பாடம்



2025 செப்டெம்பர் மாதத்தில் பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, போர்த்துக்கல், பிரான்ஸ் ஆகிய நாடுகள் அடுத்தடுத்துப் பலஸ்தீன அரசை அங்கீகரித்தன. அச்செய்தியைக் கேட்ட பிள்ளைகள் பலர், "நூற்றைம்பதுக்கும் அதிகமான நாடுகள் ஏற்றுக்கொண்ட பின்னரும் அங்கே ஏன் சுதந்திரமான ஓர் அரசு இல்லை?" என்று தம் பெற்றோரிடம் வினவியிருக்கக்கூடும். நியாயமான வினாவே அது. உணர்ச்சி மிகுந்த சொற்களால் அதற்கு விடை கூறிவிட முடியாது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தே விடை காண வேண்டும்.

1947 நவம்பர் 29ஆம் திகதி, அதுவரை பிரித்தானியாவின் பொறுப்பில் இருந்த பலஸ்தீனத்தை யூத அரசு, அரபு அரசு என இரண்டாகப் பிரிக்குமாறு ஐக்கிய நாடுகள் பொதுச் சபை பரிந்துரைத்தது. 181ஆம் இலக்கத் தீர்மானம் என அறியப்படும் அதற்கு ஆதரவாக 33 நாடுகளும் எதிராக 13 நாடுகளும் வாக்களித்தன; 10 நாடுகள் நடுநிலை வகித்தன. மக்கள் தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினராக இருந்த அரபிகளுக்கு நிலத்தில் பாதிக்கும் குறைவான பகுதியே ஒதுக்கப்பட்டது. யூதத் தலைமை அத்திட்டத்தை ஏற்றது. அரபுத் தரப்பு நிராகரித்தது.

1948 மே 14ஆம் திகதி இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்டது. அமெரிக்கா அன்றைய தினமே அதனை அங்கீகரித்தது. சோவியத் ஒன்றியம் மூன்று நாட்களில் அங்கீகரித்தது. மறு ஆண்டு மே 11ஆம் திகதி அது ஐக்கிய நாடுகள் சபையின் அங்கத்துவத்தையும் பெற்றது. ஆனால் அதே தீர்மானம் பெயர் குறித்த மற்ற அரசு தோன்றவேயில்லை. ஏறத்தாழ 7 இலட்சம் பலஸ்தீனர் அகதிகளாயினர். எஞ்சிய நிலத்தில் மேற்குக் கரையை ஜோர்தான் தன்னுடன் இணைத்துக்கொண்டது. காஸா எகிப்தின் நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1948 செப்டெம்பரில் காஸாவில் அறிவிக்கப்பட்ட அகில பலஸ்தீன அரசாங்கம் பெயரளவிலேயே இருந்தது. இதில் அரபு ஆட்சியாளர்களுக்கும் பங்குண்டு என்பதை மறைத்துவிட்டு நாம் வரலாறு பேசலாகாது.

1967ஆம் ஆண்டு யுத்தத்தில் மேற்குக் கரையும் கிழக்கு ஜெரூஸலமும் காஸாவும் இஸ்ரேலின் ஆக்கிரமிப்புக்குள்ளாயின. அவ்வாண்டு பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் இலக்கத் தீர்மானம் அகதிகளைப் பற்றிப் பேசியதேயன்றி, பலஸ்தீன மக்களின் பெயரைக் குறிப்பிடவில்லை. இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, 1988 நவம்பர் 15ஆம் திகதி அல்ஜியர்ஸ் நகரில் யாசிர் அரபாத் பலஸ்தீன அரசைப் பிரகடனம் செய்தார். அப்போது பலஸ்தீனரிடையேயே கருத்து வேறுபாடு எழுந்தது. பழைய பலஸ்தீனத்தின் ஏறத்தாழ 22 சதவீத நிலத்தில் மட்டும் ஓர் அரசை ஏற்பது, 1948இல் வீடிழந்தோரின் உரிமையைக் கைவிடுவதாகாதா எனச் சிலர் கேட்டனர். கையில் எதுவுமின்றி நிற்பதைவிட உலகின் முன் உரிமையொன்றை நிலைநாட்டுவது மேல் என்றனர் ஏனையோர். இரு சாராரும் தம் மண்ணை நேசித்தவர்களே.

அவ்வேளையில் பலஸ்தீனத்தை அங்கீகரித்த நாடுகளில் இலங்கையும் ஒன்றாகும். 1984இல் கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்தினுள் இஸ்ரேலிய நலன் பேணும் பிரிவு திறக்கப்பட்டபோது நம் நாட்டு முஸ்லிம்கள் அதனை எதிர்த்தனர். 1990இல் அது மூடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் இஸ்ரேலுடன் இராஜதந்திர உறவுகள் மீண்டும் ஏற்படுத்தப்பட்டன. ஆக, இலங்கை இன்று இரு தரப்புடனும் உறவு கொண்ட நாடாகும்.

1993 செப்டெம்பரில், ஒஸ்லோ உடன்பாட்டை ஒட்டி அரபாத்தும் இஸ்ரேலியப் பிரதமர் இட்சாக் ராபினும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டனர். இஸ்ரேல் என்னும் அரசு சமாதானமாக வாழும் உரிமையை அரபாத்தின் கடிதம் ஏற்றது. ராபினின் கடிதமோ பலஸ்தீன விடுதலை இயக்கத்தை அம்மக்களின் பிரதிநிதியாக மட்டுமே ஏற்றது. பலஸ்தீன அரசு என்ற பேச்சே அதில் இல்லை. ஒரு தரப்பு அரசை அங்கீகரித்தது; மறு தரப்பு பேச்சுவார்த்தைக்கு வரும் அமைப்பை அங்கீகரித்தது. பின்வந்த பிணக்குகள் பலவற்றின் வேர் இங்கேதான் உள்ளது.

இன்றைய விவாதமும் இதனையொட்டியதே. அங்கீகாரம் பேச்சுவார்த்தையின் முடிவில் வர வேண்டும் என்பது அமெரிக்காவின் நீண்டகால நிலைப்பாடு. 2023 ஒக்டோபர் 7ஆம் திகதி சுமார் 1,200 பேர் கொல்லப்பட்ட தாக்குதலுக்குப் பின், அங்கீகாரம் வன்முறைக்கு அளிக்கும் பரிசு என இஸ்ரேல் வாதிடுகின்றது. ஒரு மக்களின் சுயநிர்ணய உரிமை அவர்களை ஆக்கிரமித்தோரின் சம்மதத்தில் தங்கியிருக்க முடியாது என்பதே மறுதரப்பின் விடை. பேச்சு நீண்ட காலத்தில் குடியேற்றங்கள் பெருகின. காஸாவில் பல்லாயிரக்கணக்கானோர் மடிந்தனர். காத்திருப்பின் விலையை யார் செலுத்தினர் என்பதே அவர்களின் கேள்வி.

2012ஆம் ஆண்டு, அதே நவம்பர் 29ஆம் திகதி, பொதுச் சபை பலஸ்தீனத்தை அங்கத்துவமற்ற பார்வையாளர் அரசாக ஏற்றது. ஆதரவாக 138 வாக்குகளும் எதிராக 9 வாக்குகளும் கிடைத்தன. எனினும் முழு அங்கத்துவத்திற்குப் பாதுகாப்புச் சபையின் பரிந்துரை தேவை. 2024 ஏப்ரல் 18ஆம் திகதி அங்கு 12 நாடுகள் ஆதரித்தும், அமெரிக்காவின் ஒரேயொரு வீட்டோ வாக்கினால் அது தடைப்பட்டது.

பிள்ளையின் வினாவுக்கான விடை இதுவே: அங்கீகாரம் என்பது சாட்சியம், தீர்ப்பு நிறைவேறுதல் அன்று. சாட்சி சொன்ன மாத்திரத்தில் பறிபோன காணி கைக்கு வந்துவிடாது. ஆனால் சாட்சியே இல்லாத வழக்கு மன்றேறவும் முடியாது. ஆகவே அங்கீகாரத்தை வெற்றியெனக் கொண்டாடி ஓய்வதும் தவறு; வெற்றுக் காகிதமென எள்ளி நகையாடுவதும் தவறு.

பெற்றோர்களே! சாட்சியத்தின் முதல் நிபந்தனை உண்மையாகும். பிள்ளைகளின் முன் தேசப்படத்தை விரித்து, ஆண்டுகளையும் எல்லைகளையும் பிழையின்றிச் சொல்லிக் கொடுங்கள். ஓர் அரசின் கொள்கையை எதிர்ப்பது வேறு, யூத சமூகத்தாரை வெறுப்பது வேறு என்பதையும் உணர்த்துங்கள். இரு தரப்பிலும் கொல்லப்பட்ட நிரபராதிகளுக்காக வருந்தும் உள்ளத்தை அவர்களிடம் வளருங்கள். நீதிக்காகக் குரல் கொடுப்பவன் நீதி தவறிப் பேசினால், அவனது சாட்சியத்தை எவர்தாம் ஏற்பர்?